அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாரை வாசிப்பதும் மைக் செட்டில் சேர்ப்பதும்

டிசம்பர் மாதக் கேரல் ரவுண்ட்ஸில் ஆம்ப் (ஒலிபெருக்கி) சுமக்காமல் தெருத்தெருவாக நடந்தே வாசிக்கலாம் என்ற எண்ணத்தில், மரப்பெட்டி உடலும் தாழ்ந்த ஓசையும் உள்ள அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு முற்றத்தில் நான்கைந்து பேர் பாட, ஒரு கிட்டார் மட்டும் உடன் இருந்தால் இக்கருவி தன் சொந்தக் குரலிலேயே தெளிவாகக் கேட்கும். ஒரு டோலக் சேர்ந்துவிட்டால் அதன் ஒலி அமிழ்ந்துவிடும். இது கருவியின் விலையையோ வாசிப்பவரின் திறமையையோ பொறுத்ததன்று. பேஸின் தடித்த கம்பியான ஈ கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுள்ள ஒரு மரப்பெட்டியால் அத்தனை நீளமான அலையைக் காற்றில் வலுவாக எழுப்ப முடியாது. மெக்சிகோவின் மரியாச்சிக் குழுக்களில் வாசிக்கப்படும் கித்தரோன் என்னும் பருத்த வயிறுள்ள கருவியைப் பார்த்து, 1972இல் அமெரிக்காவின் எர்னி பால், எர்த்வுட் என்ற அக்கூஸ்டிக் பேஸை வெளியிட்டபோது, இந்தக் காரணத்துக்காகவே அதன் உடலை மிகப் பெரிதாக அமைத்தார். இன்று கடைகளில் கிடைப்பவை அதைவிடச் சிறியவை. பெரும்பாலானவற்றில் பிக்கப்பும் (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு) பிரீஆம்பும் (அந்தக் குறிப்பை வலுப்படுத்தும் சுற்று) உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே, கையால் எவ்வளவு வலுவாகச் சுண்டினாலும் ஒலி ஓர் எல்லைக்கு மேல் வளராது. கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃபிரெட்டில் மோதி இரைச்சல்தான் மிகும். மென்மையாகச் சுண்டி, ஒலியின் அளவை ஆம்புக்கு விட்டுவிடுவதே முறை. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி, நகம் படாமல் விரல் நுனியின் சதையால் கம்பியைத் தள்ள வேண்டும். தள்ளிய விரல் அடுத்த தடித்த கம்பியின் மேல் சென்று ஓய்வெடுத்தால் அந்தக் கம்பியும் தானாகவே அடங்கியிருக்கும். விரல்கள் கழுத்தின் முனைக்கு அருகில் வந்தால் ஒலி உருண்டு கனியும். கம்பிகள் உடலில் கட்டப்படும் பிரிட்ஜை நோக்கி நகர்ந்தால் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கேட்கும். தனியாகப் பயிலும்போது முதல் இடமே காதுக்கு இனிமையாக இருக்கும் என்றாலும், மேடையில் இரண்டுக்கும் நடுவில் வாசிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் மைக் செட்டில் முதலில் காணாமல் போவது தெளிவுதான்.

இடது கையைப் பொறுத்தவரை, 34 அங்குல நீளமுள்ள கம்பியில் முதல் ஐந்து ஃபிரெட்டுகளின் இடைவெளி மிகவும் அகலமானது. அங்கே ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டி வைத்தால் மணிக்கட்டு விரைவில் வலிக்கத் தொடங்கும். டபுள் பேஸ் வாசிப்பவர்களைப் போல ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றால் மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் ஆண்டு, தேவைப்படும்போது கையையே நகர்த்துவது நல்லது. சிறிய கை உடையவர்களும் சிறுவர்களும் 30 அல்லது 32 அங்குல நீளமுள்ள கருவியைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாடகர் கட்டையில் (ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி) சுருதி சொல்வார். கிட்டார்காரர் ஆங்கில எழுத்தில் சொல்வார். பேஸ் வாசிப்பவருக்கு இரண்டும் உடனுக்குடன் கைக்கு வர வேண்டும். ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் திறந்து விட்டால் மூன்று கட்டை, ஏ கம்பி ஆறு கட்டை, டி கம்பி இரண்டு கட்டை, ஜி கம்பி ஐந்து கட்டை. ஒரு கட்டை வேண்டுமானால் ஏ கம்பியின் மூன்றாம் ஃபிரெட். ஐந்தரை வேண்டுமானால் ஈ கம்பியின் நான்காம் ஃபிரெட். ஒரே அளவு தாண்டலை எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் விரல் அமைப்பு மாறாது என்பதால், திறந்த கம்பிகளை நம்பாமல் விரலால் அழுத்தி மூடிய கம்பிகளிலேயே பாடலைப் பழகி வைத்துக்கொண்டால், பாடகருக்குத் தொண்டை கட்டி அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் ஒரு ஃபிரெட் தள்ளி வாசித்துவிடலாம்.

பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டு நம் ஆலயங்களில் ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள் பாடப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் பேஸ் வாசிக்கும்போது, மேல்நாட்டுப் பாடல்களுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு தாள அளவையிலும் (பார்) கார்டு மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. தாளம் தொடங்கும் சமத்தில் ஷட்ஜம் (ச), தாளத்தின் நடுவில் பஞ்சமம் (ப) என்று தாங்கி நிற்பதே பல கீர்த்தனைகளுக்குப் போதுமானது. ஆனால் இந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற ராகங்களில் பஞ்சமமே கிடையாது. அங்கே பழக்கத்தினால் பஞ்சமத்தைச் சுண்டினால் பேஸின் ஒரே ஓசை பாடலின் முகத்தையே மாற்றிவிடும். அத்தகைய பாடல்களில் மத்திமத்தை (ம) துணையாகக் கொள்ள வேண்டும். ஐந்து கட்டை சுருதியில், ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் ஷட்ஜமாகவும் அதற்கு நேர் கீழே ஏ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் மத்திமமாகவும் அமைவதால், விரலை நகர்த்தாமலேயே பாடலைத் தாங்கிவிட முடியும்.

இனி ஒலிபெருக்கத்துக்கு வருவோம். இக்கருவிகளில் பெரும்பாலும், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில், அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் பீசோ பிக்கப் இருக்கும். பிரீஆம்ப் இல்லாத பீசோவை நேரடியாக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால், ஒலி தகரத்தைத் தட்டியதுபோல மெலிந்து வரும். பீசோ மின்தேக்கியைப் போன்றது. உள்ளீட்டின் மின்தடை குறைவாக இருந்தால் அடி ஒலிகள்தான் முதலில் வீணாகின்றன. குறைந்தது 10 லட்சம் ஓம் உள்ளீடு கொண்ட பிரீஆம்ப் அல்லது ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் குறிப்பை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் மின்பெட்டி) இடையில் இருந்தாக வேண்டும். மின்தடை அதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. கருவிக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியுடன் பிரீஆம்ப் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஜாக்கைச் செருகி வைத்திருக்கும் நேரம் முழுவதும் அந்தப் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றுவதற்கு முன் மைக் செட்காரரிடம், “அண்ணாச்சி, சேனலை மூடிக்கிடுங்க, வயரை எடுக்கப் போறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேஸ் சேனலில் எழும் அந்த ஒரு வெடிச்சத்தம் ஸ்பீக்கரையே கெடுத்துவிடக்கூடும்.

ஃபீட்பேக் (ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் கருவிக்குள் புகுந்து சுழல்வது) என்றால் கீச்சென்று வரும் ஊளைதான் நினைவுக்கு வரும். பேஸில் அது தாழ்ந்த உறுமலாக வருவதால், பலர் அதைக் கருவியின் கம்பீரம் என்றே எண்ணிவிடுகிறார்கள். அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஆம்பின் ஒலியைச் சற்று உயர்த்திக்கொண்டு, ஈ கம்பியில் தொடங்கி ஒவ்வொரு ஃபிரெட்டாக மேலே ஏறி ஒரே வலுவில் சுண்டிப் பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஓசை பொங்கி எழுந்து, கம்பியை அடக்கிய பிறகும் நிற்க மறுக்கும். மரப்பெட்டி இயல்பாகவே அதிரும் இடம் அது. பல கருவிகளில் 100 ஹெர்ட்ஸை (நொடிக்கு 100 அதிர்வை) ஒட்டி இருக்கும். பிரீஆம்பில் நாட்ச் என்ற திருகு இருந்தால் அதை அந்த ஓசைக்கு நேராக வைத்து, அந்த ஒன்றை மட்டும் குறைக்கவும். ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, உறுமல் எந்த நிலையில் குறைகிறதோ அதிலேயே விட்டுவிடவும். ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடி பெரிதும் உதவும். அது கிடைக்காவிட்டால், தேங்காய்ப்பூத் துவர்த்து (டவல்) ஒன்றைத் தளர்வாக மடித்து, உள்ளிருக்கும் வயரில் சிக்காதபடி துளை வழியே வைத்தாலும் பெட்டியின் அதிர்வு அடங்கும்.

ஆம்பைச் சுவர் மூலையில் வைக்கக் கூடாது. மூலை அடி ஒலியை மிகைப்படுத்தும். கோயில் கொடைக்கும் அசனப் பண்டிகைக்கும் போடும் பலகை மேடை உள்ளே வெற்றிடமானது என்பதால் அதுவும் சேர்ந்து அதிரும். ஆம்பை மேடைக்குப் பக்கத்தில் தரையில் வைப்பது உத்தமம். ஒலித்துளை ஆம்பை நோக்கித் திரும்பாதவாறு நில்லுங்கள்.

மிக்சரில் பேஸ் திருகைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுவதும் வெட்டிவிடுங்கள். அங்கே பெட்டியைத் தட்டும் சத்தமும் மேடை அதிர்வும் தவிர வேறொன்றும் இல்லை. 100 முதல் 200 வரை சற்றுக் குறையுங்கள். 700 முதல் 1000 வரை சிறிது கூட்டினால், எந்த ஓசை வாசிக்கப்படுகிறது என்பது கடைசி வரிசைக்கும் புரியும். 2000, 3000 பக்கம் பீசோவுக்கே உரிய ஒரு கரகரப்பு உண்டு. அதைக் குறைத்தால் மரத்தின் தன்மை மீளும்.

1826இல் எழுந்த பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயம், 1847இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மெஞ்ஞானபுரம் ஆலயம் போன்ற உயர்ந்த கூரையுள்ள பழைய கட்டடங்களில், ஓர் ஓசை அடங்குமுன் அடுத்த ஓசை அதன்மேல் விழும். அங்கே குறைவான ஓசைகளை, ஒவ்வொன்றையும் அடக்கி அடக்கி வாசிக்க வேண்டும். ஒலிச் சோதனையின்போது வேறொருவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டு நீங்களே கடைசி வரிசை வரை நடந்து கேளுங்கள். அலை நீளமாக இருப்பதால், மேடையில் மெலிந்து கேட்கும் அதே ஓசை சுவரோரத்தில் இரைச்சலாக இருக்கக்கூடும்.

திறந்தவெளியில் நிலைமை வேறு. கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் தருவதில்லை. ஒரு கட்டை ஷட்ஜத்தை ஏ கம்பியில் வாசித்தால் அது 65 ஹெர்ட்ஸ். கம்பியின் ஓசையில் அதன் மடங்குகளும் கலந்திருக்கும்; நான்காம் மடங்கிலிருந்துதான் குழாய்க்குள் நுழைய முடியும். அதே ஷட்ஜத்தை ஜி கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டில், ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அது 131 ஹெர்ட்ஸ் ஆகும். இரண்டாம், மூன்றாம் மடங்குகளே குழாய் வழியாக வந்துவிடும், விடுபட்ட அடிப்படை ஓசையைக் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்ளும். குழாய் மட்டுமே இருக்கும் இடங்களில் இதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் கருத்து.

மின்சாரத்தின் ஹம் சத்தத்துக்குப் பேஸ் வாசிப்பவர் தனிக் கவனம் தர வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஹம் 50, 100 ஆகிய இடங்களில் வரும். ஜி கம்பியின் திறந்த ஓசையோ 98. ஐந்து கட்டைப் பாடலில் இரண்டும் சேர்ந்து நொடிக்கு இருமுறை அலைபாயும்போது, சுருதி பிசகியதாகத் தோன்றி, சரியாக இருக்கும் கம்பியைத் திருகத் தொடங்கிவிடுவார்கள். வாசிக்காமல் இருக்கும்போதும் ஹம் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கேட்டால் டிஐ பாக்ஸிலுள்ள, ஒலி வயரின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை மாற்றிப் பாருங்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

கம்பிகளில் பாஸ்பர் பிரான்ஸ் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் விரல் நகரும்போது கீறல் சத்தம் மைக் செட்டில் பெரிதாகக் கேட்கும். கீர்த்தனைகளுக்கு நைலான் சுற்றிய கருப்புக் கம்பிகளையே நான் விரும்புகிறேன்; டபுள் பேஸின் சாயல் அவற்றில் உண்டு. உவரி, மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் வாசித்துத் திரும்பினால், அன்றிரவே ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட வேண்டும். குற்றாலச் சாரல் காலத்தில் ஈரம் ஏறி மேல்பலகை உப்பினால் கம்பி உயரும். சித்திரை வெயிலில் அது சுருங்கினால் கம்பி தாழ்ந்து இரையும். முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேருமிடத்திலும் ஈ கம்பியை ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிகுந்திருந்தால் கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சீராக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டு மீண்டும் பாருங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, காரின் டிக்கியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ விடாமல், வீட்டின் உட்சுவர் ஓரமாகக் கருவியை வைக்கவும்.