கருவி நிஜமாக என்ன செய்கிறது என்று திரை சொல்லட்டும்

மருந்து ஏற்றும் பம்ப், பாய்லர், எதற்குத் திரை வடிவமைக்க உட்கார்ந்தாலும், இயக்குபவர் மனதில் ஓடும் கேள்விகளைத்தான் நான் முதலில் எழுதிவைப்பேன். ஓடுகிறதா? எவ்வளவு வேகம்? எப்போது முடியும்? ஏதாவது கோளாறா? இவற்றுக்கான விடை எந்த பட்டனையும் தொடாமலே, நாலடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் மெனுவுக்குள் போகலாம்.

அடுத்தது, யார் அவசரப்படுத்தினாலும் நான் விட்டுக்கொடுக்காத விஷயம். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்திருந்தது. மூடும் கட்டளை அனுப்பப்பட்டுவிட்டது என்பதைத்தான் விளக்கு அணைந்தது காட்டியது. வால்வு நிஜமாக மூடியதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. பணியில் இருந்தவர்கள் மூடிவிட்டதாகவே நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் கருப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

அதனால் என் திரைகளில் ஒரு வால்வுக்கு 'மூடுகிறது', 'மூடியது', 'மூடவில்லை' என்று தனித்தனி நிலைகள் இருக்கும். 'மூடியது' என்பது சென்சார் சொன்ன பிறகே வரும். சென்சாரே இல்லையென்றால் 'நிலை தெரியவில்லை' என்று போட்டுவிடுங்கள். வயரிங் முடிவாவதற்கு முன்பே எலக்ட்ரிக்கல் குழுவிடம் சென்சார் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

எண்களில் கவனம். '.5' என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும், '5.0' அப்படியே 50 ஆகும். '0.5', '5' என்றே காட்டுங்கள். அலகு எண்ணை ஒட்டியே இருக்கட்டும்.

கோளாறுச் செய்தியில் வெறும் குறியீட்டு எண் வேண்டாம். 1986இல் தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் காட்டியது. பொருள் புரியாமல் கருவியை இயக்கியவர் 'தொடர்' விசையை அழுத்த, நோயாளி மேல் மீண்டும் கதிர் பாய்ந்தது. என்ன ஆனது, கருவி தானாக எதை நிறுத்தியிருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும்: மூன்றும் அந்தச் செய்தியிலேயே இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு.

சோதிக்கும்போது உண்மையில் இயக்கப்போகிறவரைக் கூப்பிடுங்கள். கையுறை போடுபவர் என்றால் கையுறையோடு. ஒரு கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கிவிட்டு, விளக்கம் சொல்லாமல் பாருங்கள். எந்த பட்டன் மேல் விரல் தயங்கி நிற்கிறதோ, முதலில் அதைத் திருத்துங்கள்.