காதல் படத்தில் மனப்போராட்டத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி

கதைமாந்தரின் மனத்தையே களமாகக் கொண்ட காதல் படத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டு மணி நேரமும் ஒன்றுமே நடக்கவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த அலுப்பில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. வில்லனோ வீட்டாரின் எதிர்ப்போ இல்லாத கதையில் தடை வெளியே தெரிவதில்லை. விரும்புகிறவரே தமக்குத் தடையாகவும் நிற்கிறார். ஆகவே "இவர்கள் சேர்வார்களா" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "இவர் ஏன் இதை இப்போது சொல்லாமல் விழுங்கினார்" என்ற கேள்வியோடு படத்தின் முன் அமர வேண்டும்.

முதல் அரை மணி நேரத்துக்குள் முதன்மைப் பாத்திரத்தின் இரண்டு விருப்பங்களைக் கண்டுபிடிக்க முயலுங்கள். ஒன்றை அவர் வாய்விட்டுச் சொல்வார். மற்றொன்று நடத்தையில் மட்டும் வெளிப்படும். யாரையும் சார்ந்திருக்கப் பிடிக்காது என்று சொல்பவர், குறிப்பிட்ட ஒருவரின் அழைப்பை மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார் என்றால் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. இரண்டு விருப்பங்களும் ஒருசேர நிறைவேறக்கூடியவையாக இருந்தால், அந்தப் படத்தில் இருப்பது வெறும் தாமதமே. அதைப் போராட்டம் என்று சொல்ல முடியாது.

அடுத்து, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரின் முகத்தைப் பாருங்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என வெவ்வேறு காட்சிகளுக்கு அருகில் ஒட்டினால், பார்வையாளர்கள் அதில் பசி, துயரம், ஆசை எனத் தாங்களாகவே உணர்ச்சியை ஏற்றிவிடுகிறார்கள் என்பது ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற சோதனை. அடக்கி நடிக்கும் நடிகரை "முகத்தில் ஒன்றுமே இல்லை" என்று ஒதுக்குவதற்கு முன், அந்த முகத்துக்கு முன்னும் பின்னும் படத்தொகுப்பாளர் எதை வைத்திருக்கிறார் என்று கவனிப்பது நல்லது.

இதற்கெல்லாம் பயிற்சிக்களமாக நான் பரிந்துரைப்பது டேவிட் லீன் இயக்கி 1945இல் வெளிவந்த 'பிரீஃப் என்கவுன்ட்டர்'. தொடக்கத்தில் ரயில் நிலையச் சிற்றுண்டி அறையில் பணியாளர்களின் வேடிக்கைப் பேச்சு முன்னால் நடக்க, பின்னால் ஒரு மேசையில் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த பெண்மணி ஒருத்தி வந்து அமர்ந்து, ஓயாமல் பேசுகிறாள். அவனுடைய ரயில் வருகிறது. அவளுடைய தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். முதல் முறை பார்க்கும்போது அந்தக் கை நம் கண்ணில் படுவதே அரிது. இருவரும் வேறு வேறு குடும்பங்களில் மணமானவர்கள் என்பதையும், அது அவர்களுடைய கடைசிச் சந்திப்பு என்பதையும் அறிந்தபின், படத்தின் முடிவில் அதே காட்சி மீண்டும் வருகிறது. இப்போது அந்தப் பெண்மணியின் வெள்ளந்தியான அரட்டை தாங்க முடியாத கொடுமையாகிவிடுகிறது. முதல் முறை கேமரா அறைக்குள்ளேயே தங்கியிருந்த இடத்தில், இரண்டாம் முறை நாயகியோடு நடைமேடைக்கு ஓடி, அவள் விரைவு ரயிலின் முன் விழாமல் நிற்பதைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் அவள் தன் கணவனிடம் மனத்துக்குள் மட்டுமே சொல்கிறாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காதல் கதை முழுவதுமே சொல்லப்படாத ஒரு வாக்குமூலம்தான்.

சொல்லாததைப் பொருள்களின் மீது ஏற்றிச் சொல்வது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. முதல் (நிலமும் பொழுதும்), கரு (பறவை, மரம் போன்றவை), உரி (பாடலின் மைய உணர்வு) என்று அகப்பாடலைப் பிரித்துப் படித்தவருக்கு, நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்காகவே அமைக்கப்படுகின்றன என்பது தெரியும். தலைவி வாய்திறக்காத இடத்தில் பறவையும் மரமும் அவளுக்காகப் பேசுவதும் தெரியும். அந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். யார் கதவருகிலேயே நிற்கிறார், எந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது, எந்தப் பொருள் மூன்றாம் முறையும் காட்டப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒவ்வொரு சன்னலையும் குறியீடு என்று பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். சில சன்னல்கள் வெளிச்சத்துக்காகத்தான் இருக்கின்றன.

பின்னணி இசையைச் சற்றே சந்தேகத்தோடு கேட்க வேண்டும். பாத்திரம் கலங்குவதற்கு முன்பே வயலின் கலங்கிவிட்டால், இயக்குநருக்குத் தம் நடிகர் மீதோ நம் மீதோ நம்பிக்கை இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஐயம் இருந்தால் அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

படம் முடிந்ததும், விமர்சனங்களைத் தேடுவதற்கு முன், பாத்திரம் வேறு விதமாக முடிவெடுத்திருக்கக்கூடிய ஒரே ஒரு தருணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அப்படியொரு தருணம் கிடைக்காமல், நோயோ விபத்தோ வந்துதான் சிக்கலை அவிழ்த்தது என்றால், எழுதியவர் தப்பித்துக்கொண்டார் என்று தயங்காமல் சொல்லலாம். கிடைத்துவிட்டால், சில நாள் கழித்து அந்தக் காட்சியை மட்டும் மீண்டும் போட்டு, இம்முறை முடிவெடுப்பவரை விட்டுவிட்டு, அந்த முடிவுக்காக எதிரே காத்திருப்பவரின் கைகளைப் பாருங்கள்.