கார்டு இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள்: ஆஸ்பத்திரி பில்லும் இன்சூரன்ஸும்

மஞ்சக்குப்பத்திலிருந்து அத்தையைப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றாலே கடலூர்க்காரர்கள் ஆற்றுப்பாலம் தாண்டிவிடுவோம். "இன்சூரன்ஸ் கார்டு இருக்கு, ஒரு பைசா எடுக்க வேணாம்" என்று மாமா தெம்பாகச் சொன்னார். அப்புறம் நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. சேர்வதற்கு முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும்: அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, செலவில் நம் பங்கு எவ்வளவு. பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 2 வருடம் காத்திருக்க வேண்டும்.

2. அறையில் ஏமாறாதீர்கள். பணம் அதிகம் போவது இங்கேதான். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு அந்தத் தொகையில் 1 சதவீதம் என்றால், நாளுக்கு 3,000. "ஏசி ரூம் 5,000தான், வித்தியாசம் 2,000தானே, நாம கட்டிக்கலாம்" என்று தோன்றும். கணக்கு அப்படி ஓடாது. 5,000க்கு 3,000 என்ற அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்சிங் எல்லாவற்றையும் குறைப்பார்கள். அவை 60,000 வந்தால் கிடைப்பது 36,000; மீதி 24,000 நம் தலையில். மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் சாதனம்), பரிசோதனைச் செலவுகளில் இந்த வெட்டு கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணைய விதி. வெட்டியிருந்தால் கேளுங்கள். வரம்புக்குள் அறை காலியில்லை என்றால், காலியானதும் மாற்றித் தரச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

3. இன்சூரன்ஸ் டெஸ்க். கார்டு, ஆதார், டாக்டர் எழுதிய அட்மிஷன் சீட்டு வேண்டும். பாலிசியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் என்று நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, முன்கூட்டியே சரிபாருங்கள். கேஷ்லெஸ், அதாவது ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும்படி கேட்கும் விண்ணப்பம் போனால் 1 மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. 80,000 கேட்டதற்கு முதலில் 30,000 மட்டும் அனுமதி வந்தால் பதறாதீர்கள். மீதிக்கான அனுமதி பொதுவாகக் கடைசி பில் போனபின் வரும்.

4. கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளி பற்றி ஆஸ்பத்திரி எழுதி வைக்கும் குறிப்பில், என்ன எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். நாங்கள் அடிபட்டது இதில். ராத்திரி டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்க, மாமா "அது இருக்கும் சார், பத்து வருஷம்" என்றார். அத்தைக்கு சுகர் வந்து 2 வருடம்தான், பாலிசிக்கு வயது 4. பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்ததாகச் சொல்லி அனுமதியை நிறுத்திவிட்டார்கள். முழுப் பணமும் கட்டித்தான் அத்தையை வெளியே கூட்டி வந்தோம். தெரியாததைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பழைய சீட்டைக் காட்டுங்கள்.

5. டிஸ்சார்ஜ். காலை 10 மணிக்கு "நீங்க போகலாம்" என்பார்கள், பில் சாயங்காலம் வரும். ஆஸ்பத்திரி கடைசி பில்லை அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும்; தாமதத்தால் ஏறும் வாடகை கம்பெனியுடையது. ஆகவே "பில் எத்தனை மணிக்குப் போச்சு?" என்று டெஸ்கில் கேளுங்கள். அந்த இடைவெளியில் விவர பில்லை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். எடுக்காத எக்ஸ்ரே, திருப்பிக் கொடுத்த மருந்து, பார்க்க வராத டாக்டரின் ஃபீஸ் இருக்கிறதா பாருங்கள். கையுறை, முகக்கவசம் போன்றவை பெரும்பாலும் நம் செலவுதான்.

6. முன்னும் பின்னும் ஆன செலவு. பலர் இதை மறந்தே போகிறார்கள். அதே நோய்க்காகச் சேர்வதற்கு முன் எடுத்த ஸ்கேன், வீடு வந்தபின் வாங்கிய மருந்து எல்லாவற்றுக்கும் பணம் கேட்கலாம். பொதுவாக முன்னால் 30 அல்லது 60 நாள், பின்னால் 60 அல்லது 90 நாள். மருந்துக்கடை பில்லில் நோயாளி பெயர் இருக்கட்டும், மருந்துச் சீட்டும் சேரட்டும். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். உடனே நகல் எடுங்கள்.

7. மறுத்தால். எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 1 மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் நடுவரிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். கம்பெனி மறுத்து 1 வருடத்துக்குள் போக வேண்டும். கடலூருக்கும் பாண்டிக்கும் சென்னை அலுவலகம்தான். அதே புதுச்சேரி யூனியன் பிரதேசத்து மாஹேக்காரர் கொச்சிக்கும் ஏனாம்காரர் ஐதராபாத்துக்கும் போக வேண்டும்!

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. அத்தைக்கு சுகர் முதலில் தெரியவந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோவில் கிடைத்தது. அதைக் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதியது தவறு என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினோம். கையுறைக் காசு போக மீதி வந்து சேர்ந்தது. மாமா இப்போதெல்லாம் டாக்டர் எது கேட்டாலும் அத்தையைத்தான் பார்க்கிறார்.