தொந்தரவுப் புகாரில் கவுன்சில் நோட்டீஸ் வந்தால்: நானும் செய்த சில தவறுகள்

சென்ற மாதம் எங்கள் ஆலோசனை நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த தொண்டர் ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அண்ணா, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்றார். கிழக்கு லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீடொன்றில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காக எழுதியது. அயலவர்களுக்குத் தொந்தரவு என்ற புகாரில், வீட்டைத் திரும்ப எடுக்கப்போவதாகக் கவுன்சில் அனுப்பிய நோட்டீஸுக்கான பதில் அது. நல்ல ஆங்கிலம், பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் வரியிலேயே எனக்குத் தலை சூடேறிவிட்டது. அயலவர்களுக்கு ஏற்பட்ட சிரமங்களுக்கு மனமார மன்னிப்புக் கேட்கிறோம், இனி இப்படி நடக்காது என்று இருந்தது.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். விலை கொடுத்தது நானல்ல, வேறொரு குடும்பம்.

கடித உறையைப் பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவைப்பது, வழக்குத் தேதியை மறப்பது போன்றவை தவறு என்று சொல்ல நான் வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களும் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன். எல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி. வேல்ஸில் 2022 டிசம்பரிலிருந்து வேறு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஸ்கொட்லாந்து எப்போதுமே தனி.

எந்த நோட்டீஸ் என்று பார்க்காமல் பதில் எழுதுவது

எல்லா நோட்டீஸும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது செக்யூர் டெனன்சி, அதாவது நிலையான குடியிருப்பு உரிமை. அதற்கு 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பொருந்தும். வீட்டைத் திரும்ப எடுக்கக் கவுன்சில் காட்டக்கூடிய காரணங்கள் அதில் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ளன; தொந்தரவு என்பது இரண்டாவது காரணம். சொல்லப்பட்டது நடந்ததா என்று நீதிபதி பார்க்க வேண்டும். நடந்திருந்தாலும், அதற்காக ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது நியாயமா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் உங்கள் பாதுகாப்பு.

வீடு கிடைத்து ஓராண்டு ஆகாதவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இன்ட்ரடக்டரி டெனன்சி, அதாவது பரீட்சைக் காலம். அங்கே கவுன்சில் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றியிருந்தால் நீதிபதிக்குப் பெரிதாக இடமில்லை. ஆகவே சண்டையை நீதிமன்றத்துக்கு முன்பே போட வேண்டும்: நோட்டீஸ் கிடைத்த 14 நாட்களுக்குள் கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் காரணம், அதாவது வெளியேற்றுவது நியாயமா என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு இடமில்லாதது. வீட்டில் இருப்பவரோ வந்துபோகிறவரோ பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தாலும், நீதிமன்றத் தடையை மீறியிருந்தாலும், வீட்டின் மீது மூடல் உத்தரவு போடப்பட்டிருந்தாலும் கவுன்சில் இதைக் கையில் எடுக்கலாம். இதற்கு மறுபரிசீலனை கேட்க 7 நாட்கள்தான், அதுவும் நோட்டீஸ் கிடைத்த நாளையும் சேர்த்து. திங்கட்கிழமை கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. அந்த ஏழு நாட்களில் ஐந்தை, மைத்துனரின் நண்பருக்குத் தெரிந்த சட்டத்தரணி விடுமுறையிலிருந்து வரட்டும் என்று கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: நோட்டீஸில் ஒரு தேதி இருக்கும். அது வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நாள் அல்ல. நீதிமன்றம் உத்தரவிட்டு, அதன்பின் நீதிமன்ற அலுவலர் வந்தால்தான் உங்களை வெளியேற்ற முடியும். ஆனால் செக்யூர் டெனன்சியில் இரண்டாவது காரணத்தின்கீழ் வரும் தொந்தரவு வழக்கில், நோட்டீஸ் கொடுத்த கையோடு கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொத்தாம்பொதுவாக மன்னிப்புக் கேட்பது

என் பழைய கதைக்கு வருகிறேன்.

நான்காம் மாடி வீடு. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கணவருக்கு இரவு வேலை. விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து சமைத்துச் சாப்பிடுவார். கம்பளத்தை எடுத்துவிட்டு மரப்பலகைபோன்ற லேமினேட் தரை போட்டிருந்தார்கள். பிள்ளை நடந்தால் கீழ்வீட்டில் குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். நோட்டீஸோடு ஒரு பட்டியல் வந்திருந்தது. பதினொரு சம்பவங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், என்ன நடந்தது என்று இரண்டு வரி.

நான் அந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தேன். பிறகு நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. பெரிய இடத்தில் பணிவாகப் போனால் காரியம் முடியும் என்று நினைத்தேன். ஊரில் கிராம சேவகருக்கு எழுதுவதுபோல ஒரு பக்கத்தில் எழுதினேன்: நடந்தவற்றுக்கு வருந்துகிறோம், இனி நடக்காது, தயவுசெய்து மன்னிக்கவும். குடும்பத் தலைவர் கையெழுத்திட்டார். எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்.

நான்கு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்தக் கடிதத்தைக் கண்டேன். கவுன்சில் அதிகாரியின் சாட்சிக் கூற்றோடு, ஆவணமாக இணைத்திருந்தார்கள். குடியிருப்பாளரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி என்ன வாதம் என்பதுதான் அவர்களின் வாதம். அப்போதுதான் அந்தப் பதினொன்றையும் நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். இரண்டு உண்மை: பிறந்தநாள் விழாச் சத்தம் ஒன்று, மாடிப்படியில் மகனின் நண்பர்கள் கத்தியது மற்றொன்று. நான்கு, பிள்ளையின் காலடியும் அதிகாலை மிக்சியும். இரண்டு யார் வீட்டுச் சத்தம் என்றே தெரியாதவை. மிச்சம் மூன்றும் ஒரே வார இறுதியைச் சேர்ந்தவை. அந்த வார இறுதியில் முழுக் குடும்பமும் பாரிஸில் ஒரு கல்யாணத்தில் இருந்தது! ரயில் டிக்கெட் இருந்தது, கல்யாணப் படம் இருந்தது. ஆனால் அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

வீடு உடனே போகவில்லை. நிபந்தனையோடு நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவு கிடைத்தது: நிபந்தனையை மீறாதவரை வீட்டில் இருக்கலாம். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தத் தாய் மிக்சியைப் போர்வையில் சுற்றி, குளியலறைக்குள் வைத்துச் சம்பல் அரைத்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

ஆகவே, பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எண் எண்ணாகப் பதில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: நடந்தது, நடக்கவில்லை, எனக்குத் தெரியாது. நடக்கவில்லை என்றால் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். வேலை அட்டவணை, மருத்துவமனைக் கடிதம், பயணச் சீட்டு, எது இருந்தாலும் நகலெடுத்து இணையுங்கள். பட்டியல் மங்கலாக இருந்தால் உங்களைப் பற்றிய கோப்பைக் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். புகார் நாட்குறிப்பும் ஒலிப்பதிவும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் மறுத்து எழுதிய ஒருவரும் இருக்கிறார். பொலிஸார் வந்து நிறுத்திய விழாவையே நடக்கவில்லை என்று எழுதினார். அதன்பின் அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: தரைக்கு மறுபடி கம்பளம் போட்டோம், மகனின் நண்பர்கள் இப்போது வருவதில்லை. அயலவருக்கு ஏற்பட்ட பாதிப்பையும், அது திரும்ப நடந்தால் என்ன ஆகும் என்பதையும் நீதிபதி பார்த்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். நாளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் காட்டும் சான்றுதான் அவருக்கு வேண்டியது.

கடிதம் மட்டுமல்ல, பேச்சும் இப்படித்தான். ஹவுசிங் ஆபிசர் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு புகாராக வாசிக்கும்போது நம்மவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். பக்கத்தில் நிற்கும் பதினொரு வயது மகள் அதை அப்படியே ஆங்கிலத்தில் 'ஆம்' என்று சொல்வாள். ஆபிசரின் குறிப்பேட்டில் குடியிருப்பாளர் ஒப்புக்கொண்டார் என்று பதிவாகும். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வரும்வரை பேச்சைத் தள்ளிவையுங்கள்.

'செய்தது மகன், நான் அல்ல'

சட்டத்தில் இது தப்பும் வழி அல்ல. வீட்டில் வசிப்பவர், வந்துபோகிறவர் யார் செய்தாலும் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2010இல் மான்செஸ்டர் கவுன்சில் வழக்கொன்று உச்ச நீதிமன்றம்வரை போனது. புகார்கள் குடியிருப்பாளர் மீதல்ல, அவருடைய குடும்பத்தினர் மீது. வெளியேற்றுவது அளவுக்கு மீறியதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்ற கோட்பாடு அந்த வழக்கில்தான் உறுதியானது. ஆனாலும் அந்த மனிதருக்கு வீடு மிஞ்சவில்லை.

ஆகவே, நான் செய்யவில்லை என்பதோடு நிறுத்தாமல், தடுக்க நான் என்ன செய்தேன் என்று எழுதுங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று அதே கவுன்சில் உங்களைச் சொல்லும்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது

இரண்டாவது வழக்கை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

புகார் கொடுத்தவரைப் போய்க் கேட்பது

பதினொரு சம்பவப் பட்டியலில் அதுதான் பன்னிரண்டாவது சம்பவம் ஆகும்.

'பெயர் சொல்லாதவர் சாட்சிக்கு வரமாட்டார்'

வர வேண்டியதில்லை. அயலவர் சொன்னதை ஆபிசர் தன் கூற்றில் எழுதித் தாக்கல் செய்யலாம். சிவில் வழக்கில் அது செல்லும். நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியத்துக்கு எவ்வளவு எடை என்பதில்தான் உங்கள் சட்டத்தரணி வாதாடலாம்.

நோயை மறைப்பது

நம்மிடம் இது அதிகம். மகனுக்கு மனநோய் என்று தெரிந்தால் அக்காவின் கல்யாணம் தடைப்படும் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவன் இரவில் சுவரில் இடித்துக்கொண்டு கத்துவதுதான் புகாரே. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி, இயலாமையால் எழும் நடத்தைக்காக ஒருவரை வெளியேற்றுவதைக் கவுன்சில் நியாயப்படுத்த வேண்டியிருக்கும். கட்டாயக் காரணத்திலும்கூட எழுப்பக்கூடிய வாதம் அது. ஆனால் கவுன்சிலுக்கும் நீதிபதிக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே. மருத்துவரின் கடிதத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். கல்யாண வீட்டார் நீதிமன்றக் கோப்பைத் தேடிப் படிக்கப்போவதில்லை.

'படிவம் அனுப்பியாயிற்றே, நேரில் எதற்கு?'

வழக்குப் பதிவானதும் நீதிமன்றம் பதில் படிவம் ஒன்றை அனுப்பும். 14 நாட்களுக்குள் நிரப்பி அனுப்புங்கள். தவறினாலும் அனுப்புங்கள், நேரிலும் போங்கள். முதல் அமர்வு சில நிமிடங்கள்தான். வராதவருக்கு அந்தச் சில நிமிடங்களிலேயே வீடு போய்விடலாம். வந்து, தகுந்த அடிப்படையோடு மறுக்கிறோம் என்று காட்டினால் வழக்கு முழு விசாரணைக்குத் தள்ளிப்போகும்.

காசில்லை என்பது காரணமாகாது. 2023 ஆகஸ்டிலிருந்து, வீட்டை மீட்கும் எழுத்து நோட்டீஸ் கையில் கிடைத்த நேரத்திலிருந்தே, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. வழக்கு நாளன்று நீதிமன்றத்திலும் அதே சேவையின் சட்டத்தரணி இருப்பார். பத்து மணிக்கு வழக்கு என்றால் ஒன்பது மணிக்கே போய், பெயர் பதியும் ஊழியரிடம் அவர் எங்கே என்று கேளுங்கள். நோட்டீஸ், பட்டியல், எண் எண்ணாக எழுதிய பதில், இணைப்புகள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். அங்கே நகலெடுக்கும் இயந்திரத்தைத் தேடி ஓட நேரம் இருக்காது.