ரிப்போர்ட் நார்மல் என்பதோடு முடிந்துவிடாது: பெரிமெனோபாஸ் கால மனநலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநலப் பிரிவில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் நோயாளிக் குறிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. சென்ற மாதம் வந்த ஒரு குறிப்பில், 45 வயதுப் பெண் ஒருவருக்கு ஆறு மாதமாக இருந்துவரும் எரிச்சல், காரணமற்ற அழுகை, விடியற்காலைப் படபடப்பு ஆகியவற்றை ஒரு பக்கம் முழுக்கப் பொறுமையாக எழுதிவிட்டு, கடைசி வரியில், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் இரத்த அளவை மட்டும் வைத்து, 'எஃப்.எஸ்.எச். நார்மல், ஹார்மோன் காரணம் இல்லை' என்று முடித்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வரியை நானும் என் கையால் எழுதியிருக்கிறேன். நோயாளியின் பேச்சை அலட்சியப்படுத்தக் கூடாது, மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பவையெல்லாம் யாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களே மீண்டும் மீண்டும் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாதவிடாய் கடைசியாக வந்து 12 மாதங்கள் கடந்த பிறகுதான் அதை மெனோபாஸ் என்கிறோம். சுழற்சி தடுமாறத் தொடங்குவதிலிருந்து அந்த ஓராண்டு முடியும் வரை உள்ள மாறுகாலமே பெரிமெனோபாஸ். பெரும்பாலோருக்கு அது நாற்பதுகளின் நடுவில் தொடங்குகிறது. சிலருக்கு முப்பதுகளின் இறுதியிலேயே தொடங்கிவிடும். பல பெண்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கும் இந்தக் காலம், சிலருக்குப் பத்து ஆண்டுகள்வரைகூட இழுக்கிறது.

ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டுவது

அந்த வரியை நான் எழுதிய அன்று என்னிடம் வந்தவருக்கு 44 வயது. பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பிழையின்றி வேலை செய்தவர், சில மாதங்களாக ஒரே கூட்டலை நான்கு முறை சரிபார்ப்பதாகவும், விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள விழித்துவிடுவதாகவும் சொன்னார். "டாக்டர், நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று இரண்டு முறை சொன்னதை நான் குறித்துக்கொண்டேனே தவிர, அதன் பொருளை யோசிக்கவில்லை. மாதவிடாய் எப்படி வருகிறது என்று கேட்டதற்கு, வந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். எஃப்.எஸ்.எச். பரிசோதனை எழுதிக்கொடுத்தேன், முடிவு இயல்பான அளவில் வந்தது. இது ஹார்மோன் மாற்றத்தால் வந்ததல்ல, மனப்பதற்றம் என்று உறுதியாகச் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

பதினான்கு மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது வேலையை விட்டிருந்தார். தன் புத்தியும் சுபாவமுமே கெட்டுவிட்டன என்று அவர் நம்பிவிட்டார், ஏனென்றால் உடலில் காரணம் எதுவும் இல்லை என்று ஒரு மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தார். அவரது நாட்குறிப்பில் மாதவிடாய்த் தேதிகள் இருந்தன. முதல் முறை வந்தபோதும் அது அவர் கைப்பையில்தான் இருந்தது, நான் கேட்கவில்லை. சுழற்சிகளின் இடைவெளி 24 நாள், 38 நாள், 21 நாள், 52 நாள் என்று தாறுமாறாக இருந்தது. மோசமான வாரங்கள் என்று அவர் சொன்னவற்றை அந்தத் தேதிகளோடு பொருத்திப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையைத் தூண்டுவதற்காக மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். சினைப்பை சோர்ந்தால் அதன் அளவு உயரும். ஆனால் பெரிமெனோபாஸில் சினைப்பை ஒரே சீராகச் சோர்வதில்லை. ஒரு மாதம் அடங்கிக் கிடக்கும், அடுத்த மாதம் இளவயதில் இருந்ததைவிட அதிகமாகவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும். ஆகவே இன்று எடுத்த இரத்தம் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். 45 வயதுக்கு மேற்பட்ட, உரிய அறிகுறிகள் உள்ள பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை வைத்துப் பெரிமெனோபாஸைக் கண்டறிய வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. நாற்பது வயதுக்குள் மாதவிடாய் தடுமாறினால் கதை வேறு. அங்கே இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

மனத்தை அலைக்கழிப்பது பெரும்பாலும் ஹார்மோனின் குறைவைவிட அதன் ஏற்ற இறக்கமே. மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருட்களான செரோட்டோனின், நார்அட்ரீனலின் ஆகியவற்றின் செயல்பாட்டில் ஈஸ்ட்ரோஜன் தலையிடுகிறது. கருமுட்டை வெளிப்பட்ட பிறகு சினைப்பை சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளின் மீது வேலை செய்கிறது. கருமுட்டை வெளிப்படாத மாதத்தில் அந்தப் பொருளின் வரத்தும் சரிந்துவிடும். எல்லாப் பெண்களுக்கும் இது மனச்சோர்வாக மாறுவதில்லை. சிலரது மூளை இந்த ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாக உணர்கிறது. மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கடுமையாகத் துவண்டுபோனவர்களும் அவர்களில் பலர் என்பதால், அந்தப் பழைய வரலாற்றைக் கேட்காமல் விடவே கூடாது. முன்பு மனச்சோர்வே வராத பெண்களுக்கும் இந்தக் காலத்தில் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 2006இல் வெளியான இரண்டு அமெரிக்க நெடுங்கால ஆய்வுகள் காட்டின.

எனவே பரிசோதனைச் சீட்டுக்கு முன்னால் ஒரு நாட்காட்டியைக் கையில் எடுங்கள். மாதவிடாய் வந்த தேதி, தூங்கிய நேரம், இரவு வியர்வை, அன்றைய மனநிலை ஆகிய நான்கையும் மூன்று மாதம் குறித்துவரச் சொல்லுங்கள். அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளோ அதற்கு மேலோ மாறுவது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் மாறுகாலம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் அதன் பிற்பகுதி. குறிப்பு நிறையும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டுவது

முதல் தவறை உணர்ந்தவர்கள் அடுத்துச் செய்வது இது. நானும் சில காலம் செய்தேன். தைராய்டு குறைபாடும், அதிக உதிரப்போக்கால் வரும் இரும்புச்சத்துக் குறைவும் இதே சோர்வையும் மந்தத்தையும் தரும், இரண்டும் எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். எந்த வயதிலும் வரக்கூடிய மனச்சோர்வு இந்த வயதிலும் வரலாம். மனம் அளவுமீறி எழுவதும் சோர்வதுமாக மாறும் இருதுருவ நோய் (பைபோலார்) உள்ளவர்களுக்கு இந்த மாறுகாலத்தில் நோய் தீவிரமாகலாம் என்பதால், மனச்சோர்வு மருந்து எழுதுவதற்கு முன் கடந்தகால மிகைஎழுச்சியைப் பற்றி விசாரியுங்கள். வீட்டில் அடி வாங்குகிறாரா என்பதையும் தனிமையில் கேளுங்கள். நான் ஹார்மோன் அளவைப் பற்றியே ஓராண்டு பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு உண்மையான காரணம் அதுதான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் தீரவில்லை.

ஹார்மோன் சிகிச்சையா, மனச்சோர்வு மருந்தா என்று கட்சி கட்டுவது

பெரிமெனோபாஸ் கால மனச்சோர்வுக்கென்று 2018இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல், தீவிர மனச்சோர்வுக்கு மனச்சோர்வு மருந்தும் உளவியல் சிகிச்சையுமே முதல் வழி என்கிறது. ஈஸ்ட்ரோஜன் இந்தக் காலத்தில் மனநிலையை மேம்படுத்தக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. உடலில் திடீரென்று பரவும் வெப்ப அலைகளும் மனச்சோர்வும் சேர்ந்து வரும் பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுவதே முறை. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தான புரோஜெஸ்டோஜனும் வேண்டும், ஆனால் சிலருக்கு அதுவே மனநிலையைக் கெடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸெட்டினோ ஃப்ளூவாக்ஸெட்டினோ கொடுத்தால், டாமாக்ஸிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவது தடைபடும்.

தூக்கத்தைக் கடைசியில் கேட்பது

முதலில் கேளுங்கள்.

மறதியைக் கேட்டவுடன் டிமென்ஷியா என்று பயமுறுத்துவது

இந்தக் காலத்தில் சொற்கள் நாக்கில் வராமல் தடுமாறுவதும் கவனம் சிதறுவதும் பலருக்கு நேர்வன. பெரும்பாலோருக்கு அவை பின்னர் சீராகின்றன.

"இந்த வயதில் இதெல்லாம் சகஜம்" என்பது

இந்த வாக்கியத்தை எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள்.

சாவைப் பற்றிக் கேட்கத் தயங்குவது

நடுவயதுப் பெண், குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, அப்படியெல்லாம் நினைக்க மாட்டார் என்று பயிற்சி மருத்துவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள், அப்படி நேர்வதில்லை. வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, அதற்கு வழி ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று இந்த வரிசையிலேயே, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் அன்றே அவசர சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அவரைத் தனியே அனுப்பக் கூடாது.

அந்த 45 வயதுப் பெண்ணை மறுநாளே திரும்ப அழைக்கச் சொன்னேன். எழுதிய அதே மருத்துவர்தான் பேசினார். தேதிகளைக் கேட்டார், தூக்கத்தைக் கேட்டார், பிறகு இந்த மூன்று கேள்விகளையும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பெண் ஆம் என்றார். அதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.