வீட்டுக்குள் ஒரு லாபுதிக்: கடை விளையாட்டின் வழியே குழந்தைக்குப் பணத்தைக் கற்றுத்தருதல்

ரோஸ்ஹில் மார்க்கெட்டில் ஒரு கூறு வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு, கைப்பேசியைத் தட்டிப் பணம் அனுப்பினேன். அருகில் நின்ற என் ஐந்து வயது மகன், "அம்மா, அந்தப் பாட்டிக்கு மட்டும் ஜூஸ் குடுத்தீங்களே, எனக்கு?" என்று கேட்டான். மொரீசியசில் பலர் பயன்படுத்தும் வங்கிச் செயலி ஒன்றின் பெயர் ஜூஸ் என்பதால் கடைக்காரப் பாட்டிக்கும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் அந்தக் கேள்வி உறைத்தது. எங்கள் சிறுவயதில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுப்பதையும், முடிச்சு மெலிவதையும் கண்ணால் பார்த்தோம். என் மகனோ பணம் கையை விட்டுப் போவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதனால் வீட்டிலேயே ஒரு லாபுதிக், அதாவது சிறு கடை, வைத்து விளையாடத் தொடங்கினோம். நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஏற்ற அந்த விளையாட்டை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விளையாட்டில் காசு தீர வேண்டும். தீர்ந்ததும் நாம் மறுபடி அள்ளிக் கொடுத்தால் அது பொம்மைக் கடையாகவே நின்றுவிடும்.

முதல் படி: காசைச் சேர்த்தல்

பிளாஸ்டிக் காசு வாங்க வேண்டாம். உண்மையான நாணயங்களையே எடுத்துச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் நாணயங்கள் வாய்க்குள் போய்விடும் என்பதால், அவர்கள் தூங்கும் நேரத்தில் விளையாடுவது நல்லது. ஒரு ரூபாய் இருபது, ஐந்து ரூபாய் நான்கு, பத்து ரூபாய் இரண்டு, இருபது ரூபாய் ஒன்று என மொத்தம் 80 ரூபாய் போதும். ஐம்பது சென்ட், இருபது சென்ட் வகையறாக்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து வருவதை அவசரப்படாமல் செய்யுங்கள். நம் ஐந்து ரூபாய் நாணயம் பத்து ரூபாய் நாணயத்தைவிட அகலமானது, கனமானதும்கூட. பெரியவர்களாகிய நாம் இதைக் கவனிப்பதே இல்லை. குழந்தைக்கோ கண்ணில் படுவது பருமன் மட்டுமே. முதல் நாள் என் மகன் நாணயங்களை மேசை விளிம்பில் வரிசைப்படுத்தியபோது, ஐந்து ரூபாயைத் தலைமாட்டில் வைத்து, ஏழு பக்கமுள்ள பத்து ரூபாயை அதற்குக் கீழே தள்ளிவிட்டான். "உன் பத்தைக் குடு, என் அஞ்சைத் தரேன்" என்றேன். லாபம் அடித்த முகத்துடன் மாற்றிக்கொண்டான்.

சொல்லி விளக்கினால் இது மாறாது. ஒரு தாளில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துச் சுற்றிலும் கோடு வரையச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசுகள் பத்தை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். கீழே அதேபோல் ஐந்து ரூபாயை வரைந்து, அதன் பக்கத்தில் ஐந்து காசுகளை அடுக்கட்டும். எந்த வரிசை நீளம் என்று குழந்தையே பார்த்துக்கொள்ளும். பிறகு நீங்கள் காசு மாற்றித் தருபவராக உட்கார்ந்து, ஐந்து ஒற்றைக் காசு கொண்டுவந்தால் ஒரு ஐந்து ரூபாய், இரண்டு ஐந்து ரூபாய் கொண்டுவந்தால் ஒரு பத்து ரூபாய் என்று மாற்றிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு மட்டும் நான்கு மாலைகள் ஆயின. அதற்குமுன் கடையைத் திறந்திருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும்.

தாள் பணம் வேண்டுமென்று குழந்தை கேட்டால், உண்மையான தாளை நகலெடுக்காமல், கையால் வரையச் செய்யுங்கள். நம் ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் இருப்பதால், இதையே தமிழ்ப் பாடமாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று எழுதக் குழந்தைகள் விரும்புகிறார்கள். மொரீசியசின் தமிழ் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன் படமுள்ள நூறு ரூபாய்த் தாளை முன்னால் வைத்துப் பார்த்து வரையலாம். எந்த எழுத்து மேலே வர வேண்டும் என்று என் மகன் கேட்டபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. 1998இல் வெளிவந்த தாள்களில் இந்தி வரி தமிழுக்கு மேலே அச்சாகிவிட்டது என்று எதிர்ப்புக் கிளம்பி, அவற்றைத் திரும்பப் பெற்று, ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற பழைய வரிசைப்படியே மறுபடியும் அச்சிட்டார்கள். ஆகவே தமிழை இரண்டாவதாக எழுதச் சொன்னேன்.

இரண்டாம் படி: கடையைத் திறத்தல்

ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு துணி, கல்லாப்பெட்டிக்கு ஒரு பிஸ்கட் டின் இருந்தால் கடை தயார். எட்டுப் பொருள்களுக்கு மேல் வைக்காதீர்கள். சமையலறைக் கூடையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: ஒரு வெங்காயம், நாம் இந்தத் தீவின் கிரியோல் மொழியில் பிபங்காய் என்று சொல்லும் பீர்க்கங்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை, காகிதத்தில் மடித்த காத்தோ பிமா என்ற காரப் பருப்பு வடை, ஒரு பொம்மைக் கார். பீர்க்கங்காய்தான் இந்த ஊரில் பிபங்காய் ஆயிற்று என்று சொன்னால் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு சொல்லும் மனத்தில் தங்கிவிடுகிறது.

விலைச்சீட்டைக் குழந்தையே எழுதட்டும். விலை முழு ரூபாயாகவும் பத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும். நாங்கள் 2, 3, 4, 5, 6, 7, 8, 10 என்று எழுதியதில், கடையிலுள்ள எல்லாவற்றையும் வாங்க 45 ரூபாய் வேண்டும். வாங்க வருபவர் கையில் இருப்பதோ 20 ரூபாய். இந்த இடைவெளியைத் தெரிந்தே வையுங்கள்.

மூன்றாம் படி: குழந்தை கடைக்காரர், நீங்கள் வாடிக்கையாளர்

முதலில் குழந்தையைக் கல்லாவில் உட்கார வையுங்கள். காசு கொடுப்பதைவிட வாங்குவதில்தான் குழந்தைக்கு முதலில் ஆர்வம். தவிர, மீதி கொடுக்க எண்ணியே ஆக வேண்டும். கழித்தல் தெரியாத குழந்தைக்குப் பழைய மளிகைக்கடை முறைதான் கைகொடுக்கும். ஏழு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால், "ஏழு" என்று சொல்லிப் பொருளை முன்னால் வைத்துவிட்டு, ஒவ்வொரு காசாக நகர்த்தி "எட்டு, ஒன்பது, பத்து" என்று மேலே எண்ண வேண்டும். நகர்ந்த மூன்று காசும் மீதி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, பதின்மூன்று ரூபாய்க்கு இருபது கொடுத்து, "பதினாலு, பதினைஞ்சு" என்று இரண்டு ஒற்றைக் காசும், பிறகு "இருபது" என்று ஓர் ஐந்து ரூபாயும் எடுத்து வைக்கப் பழக்கலாம்.

இது கைவந்தபின் வேண்டுமென்றே ஒரு காசு குறைத்துக் கொடுங்கள். குழந்தை கவனிக்காவிட்டால் அன்று விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் என் மகன் கல்லாப்பெட்டியை மூடிக்கொண்டு, "அக்கா, ஒரு ரூபா குறையுது" என்றான். விளையாட்டில் நான் அம்மா இல்லை, அக்கா!

நான்காம் படி: இருபது ரூபாயோடு கடைக்குப் போதல்

இப்போது இடம் மாற்றுங்கள். குழந்தையின் கையில் 20 ரூபாய் உள்ள சுருக்குப்பையையும், கட்டாயம் வாங்க வேண்டிய இரண்டு பொருள்களின் படம் வரைந்த சீட்டையும் கொடுங்கள். எங்கள் சீட்டில் மூன்று ரூபாய் வெங்காயமும் நான்கு ரூபாய் முருங்கைக்கீரையும் இருந்தன. என் மகன் சீட்டைப் பார்க்கவே இல்லை. பத்து ரூபாய்க்குக் காத்தோ பிமா, எட்டு ரூபாய்க்குக் கார் என்று வாங்கிவிட்டு, மீதி இரண்டு ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெங்காயத்தின் முன் நின்றான். உதடு பிதுங்கியது. ஊஞ்சலில் இருந்த என் அத்தை, "பாவம், ஒரு ரூபா போட்டுக் குடும்மா, விளையாட்டுதானே" என்றார். முந்தைய வாரம் அப்படித்தான் கொடுத்திருந்தேன். அதன் பலனாகத்தான் அவன் சீட்டைப் பார்க்காமலே செலவழித்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்த முறை கடைக்காரியாகவே நின்று, "இது மூணு ரூபாய் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே வெகுநேரம் நின்றான். பிறகு காரைக் கடையின்மேல் வைத்து, "இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டான். எடுத்துக்கொண்டேன். விளையாட்டில் பொருளைத் திருப்பிக் கொடுக்க இடம் கொடுங்கள் என்பேன். உண்மைக் கடையில் எப்போதும் நடக்காது என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். "முதலிலேயே சீட்டைப் பார்த்திருக்கலாம் அல்லவா" என்று அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் அவன் வெங்காயத்தையும் கீரையையும் முதலில் வாங்கி, மீதி 13 ரூபாயைத் தரையில் பரப்பி எண்ணினான்.

ஐந்தாம் படி: கார்னே

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் இது. சீனர்களின் லாபுதிக்கில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கடனுக்குச் சாமான் வாங்கி, கார்னே என்ற சிறு நோட்டில் எழுதி வைத்து, சம்பளம் வந்ததும் அடைத்த கதை இந்தத் தீவில் பல குடும்பங்களில் உண்டு. தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு பழைய நோட்டைக் கார்னே ஆக்கி, காசு போதாதபோது அதில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுங்கள். மறுநாள் சுருக்குப்பையில் இருபது ரூபாய் போட்டதும், கடை திறக்குமுன்பே, எழுதிய கடனை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வாங்கிய பொருளுக்கு இன்று காசு குறைவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறும். வட்டியெல்லாம் இந்த வயதில் வேண்டாம்.

ஆறாம் படி: சேர்த்து வைத்தல்

கடையில் 30 ரூபாய்ப் பொருள் ஒன்றை வையுங்கள். ஒருநாள் பையால் அதை வாங்க முடியாது. மீதியை உண்டியலில் போட்டுச் சேர்க்க வேண்டும். அந்தப் பொருள் கடைசிவரை கடையில் இருப்பது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கையிலிருக்கும் மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சிறுபிள்ளைகளிடம் சொன்னார்கள்; முன்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் இருந்தவர்கள் அந்த இரண்டாவது மிட்டாய்க்காகச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். சொல் தவறியவரிடம் இருந்தவர்கள் மூன்று நிமிடத்திலேயே கையிலிருந்ததைத் தின்றுவிட்டார்கள். விருந்தாளிப் பிள்ளைக்கு அந்தப் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சேமிப்பைப் பற்றி நாம் பேசிப் பயனில்லை.

ஏழாம் படி: அட்டைக் கைப்பேசி

இனி ஜூஸுக்கு வரலாம். கைப்பேசி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அதில் இருபது வட்டங்கள் வரையுங்கள். அட்டையைத் தட்டிப் பணம் கொடுக்கும்போதெல்லாம், விலைக்கு எத்தனை ரூபாயோ அத்தனை வட்டங்களைக் குழந்தையே அடிக்க வேண்டும். வட்டம் தீர்ந்தால் அட்டை வேலை செய்யாது. "உங்க ஃபோன்ல எத்தனை வட்டம்மா மிச்சம்?" என்று என் மகன் கேட்ட மாதக் கடைசி எனக்கு அவ்வளவு வசதியான நாளாக இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

ஒரு விளையாட்டு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குழந்தைக்குச் சலித்தால் கல்லாவை எண்ணிக் கடையை மூடுங்கள்.

ஒரு மாதம் ஆனபின், மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரே ஒரு பொருளை, கொத்தமல்லிக் கட்டோ மிளகாய்க் கூறோ, குழந்தையின் கையால் காசு கொடுத்து வாங்கச் செய்யுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். மீதியை உங்கள் கையில் வாங்காதீர்கள். குழந்தை அதை வாங்கி, தனக்குத் தெரிந்த வேகத்தில் எண்ணி முடிக்கும்வரை, பின்னால் நிற்பவர்களிடம் ஒரு 'பார்தோன்' (மன்னிக்கவும்) சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.