மாவுக்கட்டுக் கையும் முடக்குவாதக் கையும்

காட்பாடியில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டு. இடது கையிலோ பழைய முடக்குவாதம், மூட்டு வீங்கி விறைக்கும் நோய். காலையில் விரல் மடங்காது, கரண்டி நழுவும்.

ஒத்தடம் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. கரண்டிக் காம்பில் துணி சுற்றினால் சாம்பாரில் ஊறி வழுக்கியது. கடைசியில் ஏசி மெக்கானிக் விட்டுப்போன கறுப்பு ஃபோம் குழாய் கைகொடுத்தது. செப்புக் குழாய்மேல் மாட்டுவார்களே, அதுதான். கரண்டியிலும் பல் பிரஷ்ஷிலும் செருகினேன். காம்பு தடித்தால் விரலை முழுக்க மடக்க வேண்டாம்.

அப்புறம், சாயங்காலமானால் கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கின. வேலூர் வெயில், இறுகிய கட்டு என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கட்டு சரி, கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் ஸ்லிங்தான் தொய்ந்திருக்கிறது என்றார். கை முழங்கைக்குக் கீழே தொங்கியிருக்கிறது! உயர்த்திக் கட்டியதும் வீக்கம் வடிந்தது.

ஃபோம் உள்ளே ஈரம் தங்கும். அவ்வப்போது கழற்றிக் காயவையுங்கள்.